ஒன்ராறியோவில் பெரிய தோட்டத்தைக் குளிர்காலத்துக்கு ஒதுக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கால் ஏக்கர், அரை ஏக்கர் நிலமுள்ள வீடுகளில், கனடாவில் ஒக்ரோபர் இரண்டாம் திங்களன்று வரும் நன்றி செலுத்தல் நாள் விடுமுறை வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிப் பிடுங்கி, இலைகளை வாரிக் காகிதப் பைகளில் அடைத்துத் தெருவோரம் வைத்துவிட்டு, தோட்ட வேலை முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்தத் தேதி பாதி வேலைகளுக்குப் பிந்தியது, மீதிப் பாதிக்கு முந்தியது. கறிவேப்பிலை அதற்குள் குளிரில் அடிபட்டிருக்கும். ரோசாவையோ அதற்குப் பிறகு ஒரு மாதம் பொறுத்துத்தான் மூடவேண்டும். தெருவுக்குப் போன இலைகள்தான் அடுத்த ஆண்டுக்கான உரம்.

ரொறொன்ரோவையும் அதைச் சுற்றிய ஊர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கலண்டரை விட இரவு வெப்பநிலையைக் கவனியுங்கள். இரவு 12 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது, முதல் உறைபனி, தொடர்ந்து சில இரவுகள் −4 பாகைக்குப் போவது, நிலம் உறையத் தொடங்குவது என்று நான்கு கட்டங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் உரிய வேலையை அதனதன் கட்டத்தில் செய்தால், செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசெம்பர் தொடக்கம் வரை வேலை அளவாகப் பரவி வரும்.

வானிலை அறிக்கையில் வரும் எண் பெரும்பாலும் விமான நிலையத்தில் அளந்தது. ஒன்ராறியோ ஏரியை ஒட்டிய ஸ்காபரோவின் தென்பகுதியில் ஏரியின் வெப்பம் உறைபனியை ஒக்ரோபர் பிற்பகுதி வரை தள்ளிப்போடும். வடக்கே மார்க்கம், ஸ்ரூவில் பக்கம் ஒக்ரோபர் முற்பகுதியிலேயே வந்துவிடலாம். சில ஆண்டுகளில் செப்ரெம்பர் கடைசியிலேகூட வரும். ஒரே வளவுக்குள்ளும் பள்ளமான மூலை மேட்டை விட இரண்டு மூன்று பாகை குளிராக இருக்கும், ஏனென்றால் குளிர்ந்த காற்றுக்குப் பாரம் அதிகம்; அது தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். அதிகூடிய, அதிகுறைந்த வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் ஒரு சிறிய வெப்பமானியை வாங்கி, மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் செடியின் உயரத்தில் கட்டிவிடுங்கள்.

இரவு 12 பாகைக்கு இறங்கும்போது: சாடிகளை உள்ளே எடுத்தல்

எங்கள் தோட்டங்களில் அதிகம் செத்துப்போவது சாடியில் வளர்க்கும் வெப்பநாட்டுச் செடிகள்தான். கறிவேப்பிலை, மல்லிகை, முருங்கை, எலுமிச்சை எல்லாவற்றையும் செப்ரெம்பர் நடுப்பகுதியில் உள்ளே கொண்டுவர ஆயத்தமாகுங்கள். உறைபனி வரட்டும் என்று காத்திருப்பது பிழை. 5, 6 பாகை இரவுகள் நாலைந்து சேர்ந்தாலே கறிவேப்பிலையின் வேர் தண்ணீர் உறிஞ்சுவது குறைந்துவிடும். அதன் விளைவு வீட்டுக்குள் வந்து மூன்று வாரம் கழித்து, இலை முழுவதும் கொட்டும்போதுதான் தெரியும்.

முதலில் பூச்சி. வெளியே இருக்கும்போது மழையும் இரை தேடும் வண்டுகளும் பூச்சிகளை அடக்கி வைத்திருக்கும். உள்ளே அந்தக் காவல் இல்லை. சூடான, வறண்ட காற்றில் செஞ்சிலந்தி மிக விரைவாகப் பெருகும். இப்படிச் செய்யுங்கள்:

1. செடியைச் சரித்துப் பிடித்து, இலைகளின் அடிப்பக்கம் நனைய ஹோசால் பலமாகத் தண்ணீர் அடியுங்கள்.
2. தண்டில் பழுப்பு நிறச் செதில்கள் ஒட்டியிருந்தால் அவை செதில் பூச்சிகள். தெளிப்பு அவற்றின் ஓட்டைத் தாண்டிப் போகாது. நகத்தாலோ பழைய பல் துலக்கியாலோ சுரண்டி எடுங்கள்.
3. கடையில் விற்கும் பூச்சிக்கொல்லிச் சவர்க்காரத்தை மாலையில் தெளியுங்கள். ஏழு நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை தெளிக்கவேண்டும், ஏனென்றால் அது முட்டைகளைக் கொல்லாது. பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்த வேண்டாம். இளம் இலை கருகும்.
4. சாடியை வாளித் தண்ணீரில் 15 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் மண்ணுக்குள் குடியிருக்கும் எறும்பும் மரவட்டையும் மேலே வந்துவிடும்.
5. வீட்டிலுள்ள மற்றச் செடிகளிடமிருந்து இரண்டு வாரம் தள்ளி வையுங்கள்.

வெயிலிலிருந்து நேராக வீட்டுக்குள் கொண்டுவராமல், ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு உள்ளே எடுங்கள். தெற்குப் பார்த்த ஜன்னல் நல்லது. ஆனால் அதே ஜன்னலுக்குக் கீழேதான் பெரும்பாலான வீடுகளில் சூடாக்கியின் காற்றுத் துவாரம் இருக்கும். அதைத் திசைதிருப்பி விடுங்கள், அல்லது செடியைத் தள்ளி வையுங்கள். டிசெம்பர், ஜனவரி வெளிச்சம் கறிவேப்பிலைக்குப் போதாது. இலை பறிக்கவேண்டும் என்றால் நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் வளர்ப்பு விளக்குப் போடவேண்டும். விளக்கு இல்லாவிட்டால் செடி உறங்கும், இலை கொஞ்சம் கொட்டும். அது சாவதில்லை. அந்த நேரத்தில் பயந்துபோய்த் தண்ணீரைக் கூட்டி ஊற்றுவதுதான் அதைக் கொல்கிறது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மார்ச் வரை உரமும் சாடி மாற்றமும் வேண்டாம்.

முருங்கையை வேறு விதமாகப் பார்க்கவேண்டும். ஓர் அடி உயரத்துக்கு வெட்டி, 12 முதல் 15 பாகை உள்ள பேஸ்மன்ட் மூலையில் விட்டு, மண் பொடிப்பொடியாகாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். ஈரம் கூடினால் அதன் பருத்த வேர் அழுகிவிடும். சாடியில் உள்ள அத்தி இதற்கு எதிர்ப்புறம்: அதை அவசரப்பட்டு உள்ளே எடுக்கக்கூடாது. உறைபனியில் இலை கொட்டிய பிறகு, வீட்டோடு ஒட்டிய, சூடாக்காத கராஜில் வைத்து மாதம் ஒரு முறை தண்ணீர் காட்டினால் போதும்.

உறைபனிக்கு முந்திய வாரங்கள்: மரக்கறிப் பாத்தியும் பந்தலும்

வெண்டி, பயற்றை, புடோல், பாகல் எல்லாம் இரவு 10 பாகைக்குக் கீழே போனதும் காய்ப்பதை நிறுத்திவிடும். செடி பச்சையாக நிற்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். விதைக்கு விட்ட காய்களைப் பற்றித்தான் இப்போது யோசிக்கவேண்டும். பயற்றை காய்ந்து ஓட்டுக்குள் விதை கிலுகிலுக்கவேண்டும், பாகல் மஞ்சளாகி வெடிக்கவேண்டும், வெண்டி பழுப்பாகி வரிவரியாகப் பிளக்கவேண்டும். முற்றாத காயை உறைபனி தொட்டால் அந்த விதை முளைக்காது. ஒன்ராறியோவின் பருவம் குறுகியது, ஆகவே விதைக்கான காயை ஓகஸ்ட் முற்பகுதியிலேயே அடையாளம் கட்டி விட்டிருக்கவேண்டும். எடுத்த விதையை நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்த்தி, வளைத்தால் வளையாமல் முறியும் பதம் வந்ததும் காகித உறையில் போட்டு, பெயரும் ஆண்டும் எழுதி, மூடிய போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு போத்தலில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். எஃப்1 கலப்பின விதையிலிருந்து வந்த செடி என்றால் விதை எடுத்துப் பயனில்லை. அடுத்த தலைமுறை தாயைப் போல வராது.

தக்காளியில் வெளிர் பச்சையாகி மினுக்கம் வந்த காய்கள் வீட்டுக்குள் பழுக்கும். கரும் பச்சையில் கல்லாக இருப்பவை பழுக்காது, அவற்றை ஊறுகாய்க்கும் சம்பலுக்கும் ஒதுக்குங்கள். பழுக்கவைப்பதை ஒன்றோடொன்று முட்டாமல் ஒற்றை அடுக்காகப் பெட்டியில் பரப்பி, செய்தித்தாளால் மூடி, 18 முதல் 20 பாகையில் வையுங்கள். ஓர் அப்பிள் பழத்தைப் பக்கத்தில் வைத்தால் அது விடும் எதிலீன் வாயு பழுப்பதை விரைவுபடுத்தும். ஜன்னல் வெயில் தேவையில்லை.

பூசணியை இரண்டு மூன்று அங்குலக் காம்போடு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது. அது கழன்ற இடத்தால்தான் அழுகல் உள்ளே போகும். சுமார் 25 பாகையில் பத்து நாள் வைத்துத் தோலை இறுக்கிய பிறகு 10 முதல் 15 பாகை உள்ள உலர்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். கரட், பீற்றூட், லீக்ஸ், கேல் இவற்றை விட்டுவிடுங்கள். உறைபனி பட்டால் கேலும் கரட்டும் தங்கள் மாச்சத்தைச் சர்க்கரையாக்கிக் குளிரைத் தாங்கும், சுவையும் கூடும். கரட் பாத்திக்கு மேல் ஓர் அடி கனத்தில் வைக்கோல் போட்டுவிட்டால் டிசெம்பரிலும் கிண்டி எடுக்கலாம்.

முதல் உறைபனிக்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் நல்ல வெயில் வரும். ஆகவே அந்த ஒரு இரவுக்கு மிளகாய், தக்காளிப் பாத்திகளை மூடிக் காப்பாற்றுவது பயனுள்ள வேலைதான். பழைய பருத்திப் படுக்கை விரிப்பைச் சூரியன் மறைய முன் போர்த்தி, ஓரங்கள் நிலத்தில் முட்டும்படி கல் வையுங்கள். பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் மேலே எழும்பும்போது அதைப் பிடித்து வைப்பதற்குத்தான் துணி. மரத்தைச் சுற்றிக் கட்டுவதுபோல் செடியின் தண்டோடு சேர்த்துக் கட்டினால் அந்த வெப்பம் கிடைக்காது. பிளாஸ்ரிக் இலையில் முட்டினால் முட்டிய இடம் கருகும். காலையில் எடுத்துவிடுங்கள்.

பந்தலை அப்படியே விட்டுவிடுவது பெரிய வீடுகளில் அடிக்கடி காணும் குறை. காய்ந்த கொடி மூடிய வலை நவம்பர்க் காற்றைக் கப்பற் பாய்போல் வாங்கும். ஈரப்பனி அதன்மேல் தங்கினால் கம்பிக் குழாய்கூட வளைந்துபோகும். கொடியை அடியில் வெட்டி விட்டு ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு வலையிலிருந்து உதிர்த்து எடுப்பது சுலபம். பச்சையாக இழுத்தால் வலை கிழியும். பயற்றை, அவரையின் வேர்களைப் பிடுங்காமல் மண்ணிலேயே உக்க விடுங்கள், அவற்றின் முடிச்சுகளில் நைதரசன் உண்டு.

இலைப்புள்ளி, இளங்கருகல் நோய் கண்ட தக்காளிச் செடிகளையும், வெண்பூஞ்சணம் பிடித்த பூசணிக் கொடிகளையும் வீட்டுக் கூட்டெருவில் போடாதீர்கள். இந்த நோய்களின் பூஞ்சணங்கள் செத்த இலையிலேயே குளிர்காலம் கழிக்கக்கூடியவை. வீட்டுக் குவியல் அவற்றைக் கொல்லும் அளவுக்குச் சூடாகாது. மாநகரசபை எடுத்துச் செல்லும் தோட்டக் கழிவோடு அனுப்புங்கள். அங்கே குவியல் பெரியது, 55 பாகைக்கு மேல் சூடேறும்.

உள்ளி, மண், இலை

ஒக்ரோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் முதல் வாரம் வரை உள்ளி நடும் காலம். நிலம் உறைய மூன்று முதல் ஆறு வாரம் முன்னதாக நட்டால் வேர் பிடிக்கும், முளை மேலே வராது. செப்ரெம்பரில் நட்டால் ஓர் அடி இலை வந்து பனியில் கருகும். வசந்தத்தில் நட்டாலோ, குளிர் படாத பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும்.

4 அடி அகலம், 10 அடி நீளமுள்ள ஒரு பாத்தியைக் கணக்கில் எடுத்தால், வரிசைக்கு வரிசை 8 அங்குலம், பல்லுக்குப் பல் 6 அங்குலம் விட்டு ஆறு வரிசையில் 120 பல் நடலாம். ஒன்ராறியோவில் நன்கு வரும் ‘மியூசிக்’ போன்ற தடித்தண்டு வகையில் ஒரு முழு உள்ளியில் நாலு முதல் ஆறு பல் இருக்கும், ஆகவே சுமார் 25 முழு உள்ளி வேண்டும். உழவர் சந்தையில் உள்ளூர் விவசாயியிடமே வாங்குங்கள். மளிகைக் கடை உள்ளி பெரும்பாலும் இறக்குமதி. முளைக்காதபடி பதப்படுத்தியதாகவோ இந்தக் குளிருக்குப் பழகாத வகையாகவோ இருக்கும்.

நடும் நாளில்தான் பல்லைப் பிரிக்கவேண்டும், தோலை உரிக்கக்கூடாது. பெரிய பல்லையே தெரிந்தெடுங்கள். சிறிய பல் சிறிய உள்ளியைத்தான் தரும். கூர்ப்பக்கம் மேலே இருக்க, அதற்கு மேல் 2 அங்குலம் மண் நிற்கும்படி நட்டு, ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, 5 அங்குல வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். இந்த மூடாக்கு பல்லைச் சூடாக வைத்திருக்க அல்ல. ஜனவரியில் ஒரு நாள் 8 பாகை, அடுத்த நாள் −15 என்று மாறும்போது உறைந்து இளகும் மண் ஆழம் குறைந்த வேரை மேலே தள்ளிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கத்தான் வைக்கோல். உள்ளியோ வெங்காயமோ நின்ற அதே இடத்தில் மூன்று வருடத்துக்குத் திரும்ப நடவேண்டாம்.

மற்றப் பாத்திகளை வெறும் மண்ணாக விடக்கூடாது. ஓர் அங்குலக் கனத்தில் உக்கிய கூட்டெருவைப் பரப்புங்கள். மேலே சொன்ன அளவுப் பாத்திக்குச் சுமார் 95 லீற்றர், அதாவது 30 லீற்றர்ப் பையில் மூன்று. கொத்திப் புரட்டத் தேவையில்லை. இந்தப் பக்கத்து மண் பெரும்பாலும் களி. ஈரக் களியைக் கொத்தினால் அது கட்டியாகி, வசந்தத்தில் செங்கல்லாக நிற்கும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டுங்கள். உருண்டை உதிராவிட்டால் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் போடும் பழக்கம் ஊரிலிருந்து வந்தது. அங்கே புளிப்பு மண்ணுக்கு அது சரி. தென் ஒன்ராறியோவின் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் இருக்கிறது, மண்ணின் காரத்தன்மை எண் (pH) பெரும்பாலும் 7க்கு மேல். சாம்பல் போட்டால் இன்னும் ஏறி, செடிக்கு இரும்புச் சத்துக் கிடைக்காமல் இலை வெளிறும். மண் சோதனை செய்து பார்க்காமல் போடவேண்டாம்.

கூட்டெரு போதாத பெரிய பாத்திகளில் ரை தானியத்தை விதைக்கலாம், 100 சதுர அடிக்கு 100 முதல் 150 கிராம். ஒக்ரோபர் நடுப்பகுதிக்குள் விதைத்தால் நிலத்தைப் பிடித்துக்கொண்டு பனியையும் தாங்கி நிற்கும். ஆனால் வசந்தத்தில் அதை வெட்டி மண்ணோடு சேர்த்த பிறகு இரண்டு மூன்று வாரம் விட்டுத்தான் விதை போடவேண்டும். உக்கும் ரை மற்ற விதைகள் முளைப்பதைத் தடுக்கும்.

இலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மேப்பிள் மரம் நாலைந்து நிற்கும் வளவில் ஒவ்வொரு ஆண்டும் விழுவது ஒரு லொறி உரம். புல்தரையில் மெல்லிதாக விழுந்ததை வாரவே வேண்டாம். புல்வெட்டியை அதன்மேல் இரண்டு முறை ஓட்டினால் தூளாகிப் புல்லுக்குள் இறங்கிவிடும். வெட்டிய பிறகு பாதிப் புல்லாவது கண்ணுக்குத் தெரியவேண்டும். முழுதாக மூடிக் கிடந்தால் வாருங்கள். பனிக்கு அடியில் ஈர இலைப் பாய் கிடந்தால் பனிப்பூஞ்சணம் பிடித்து, ஏப்ரலில் வட்ட வட்டமாகப் புல் செத்திருக்கும். அதற்கு மருந்தடிப்பதும் முடியாது. அழகுக்காகப் பூச்சி, களை மருந்துகள் அடிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்திருக்கிறது. கடைசி வெட்டில் புல்லை இரண்டரை அங்குல உயரத்தில் விடுங்கள்.

வாரிய இலைக்குக் கோழிக் கம்பிவலையால் ஒரு மீற்றர் குறுக்களவில் வட்டக் கூடு செய்து, தூளாக்கிய இலையை நனைத்து மிதித்து நிரப்புங்கள். நனைக்காமல் போட்டால் ஒரு வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். ஒன்று முதல் இரண்டு வருடத்தில் கறுத்து உதிரும் இலைமக்கு கிடைக்கும். களிமண்ணைத் திருத்த அதைவிட நல்ல பொருள் பணம் கொடுத்தும் கிடைக்காது. இன்னும் ஐந்தாறு பை உலர்ந்த இலையைக் கூட்டெருத் தொட்டிக்குப் பக்கத்தில் மழை படாமல் வையுங்கள். குளிர்காலம் முழுவதும் சமையலறைக் கழிவு ஒரு பங்கு போடும்போது இலை இரண்டு மூன்று பங்கு போட்டு மூடவேண்டும். குவியல் உறைந்துபோகும், பரவாயில்லை. இளகியதும் வேலையைத் தொடங்கும். கறுப்பு வால்நட் மர இலையை மட்டும் தனியாக வையுங்கள், அதிலுள்ள யுக்லோன் என்ற நச்சுப்பொருள் தக்காளி, கத்தரிக் குடும்பத்தை வாடவைக்கும்.

எதை வெட்டுவது, எதை விடுவது

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் எல்லாவற்றையும் வெட்டத் தோன்றும். இலையுதிர் காலத்தில் கவாத்து செய்தால் செடி புதுத் துளிர் விடும். அது முற்றமுன் குளிர் வந்து கருக்கும். லைலக், போர்சித்தியா, பெரிய இலை ஹைட்ரேஞ்சியா மூன்றும் அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டை இப்போதே தண்டில் வைத்திருக்கின்றன. வெட்டினால் பூ இல்லை. அப்பிள், பியர் மரங்களுக்கு மார்ச் வரை பொறுங்கள். முறிந்த, செத்த கிளையை மட்டும் எப்போதும் எடுக்கலாம்.

கட்டாயம் வெட்டவேண்டியவையும் உண்டு. பியோனியின் தண்டை நிலத்தோடு வெட்டி அகற்றுங்கள், அதில் சாம்பல் பூஞ்சணம் தங்கும். தாடி ஐரிசின் இலையில் துளைப்பான் அந்துப்பூச்சி முட்டையிட்டிருக்கும், அதையும் அகற்றுங்கள். ஹொஸ்ரா உறைபனியில் குழைந்ததும் நத்தைகளுக்கு ஒளிவிடம், ஆகவே வெட்டுங்கள். எக்கினேசியா, கறுப்புக்கண் சூசன், செடம், அலங்காரப் புல் இவற்றை நிற்க விடுங்கள். விதைகளைப் பொன்சிட்டுக் குருவிகள் தின்னும், வெற்றுத் தண்டுகளுக்குள் உள்ளூர்த் தேனீக்கள் குளிர்காலம் கழிக்கும். நின்ற தண்டு பனியைப் பிடித்து வைத்து வேருக்குப் போர்வையாகவும் ஆகும்.

டாலியா இலை உறைபனியில் கறுத்ததும் தண்டை 5 அங்குலம் விட்டு வெட்டி, ஒரு வாரம் கழித்துக் கிழங்கைத் தோண்டுங்கள். தண்டுக்கு ஓர் அடி தள்ளிச் சுற்றிவரக் குத்தி நெம்பவேண்டும். கழுத்து முறிந்த கிழங்கு முளைக்காது, கண் கழுத்தில்தான் இருக்கிறது. கழுவி, ஓரிரண்டு நாள் நிழலில் உலர்த்தி, சற்று ஈரமான வெர்மிக்குலைற் என்ற கனிமத் துகளில் 5 முதல் 10 பாகையில் வையுங்கள். சாடியில் வளர்த்த இஞ்சி, மஞ்சளுக்கு 12 பாகைக்குக் குறையாத இடம் வேண்டும். துலிப் கிழங்குகளை 6 அங்குல ஆழத்தில் நட்டு, மேலே கம்பிவலை விரித்து மண் போடுங்கள், இல்லாவிட்டால் அணில் அன்றிரவே தோண்டும். டஃபோடிலை அணில் தொடாது, அது நஞ்சு.

மரத்தண்டுகளில் வெளிர் பழுப்பு நிறத்தில், தொட்டால் பஞ்சுபோல் இருக்கும் திட்டுகள் கண்டால் அவை ஸ்பொஞ்சி அந்துப்பூச்சியின் முட்டைக் கூட்டங்கள். கையுறை போட்டுக்கொண்டு மழுங்கிய கத்தியால் சுரண்டிச் சவர்க்காரத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். நிலத்தில் தட்டிவிட்டால் அவை அங்கேயே பொரிக்கும்.

−4 பாகை இரவுகளுக்கு முன்: தண்ணீர்

தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கும். தோட்டத்தில் உடைகிற எல்லாப் பொருளும் இதனால்தான் உடைகிறது. வெளிக்குழாயை மூடும் ஒழுங்கு:

1. ஹோசைக் கழற்றுங்கள்.
2. பேஸ்மன்ட் சுவரில் அந்தக் குழாய்க்குரிய உள் வால்வை மூடுங்கள்.
3. வெளியே போய்க் குழாயைத் திறந்து விடுங்கள்.
4. உள் வால்வின் பக்கவாட்டில் உள்ள சிறிய வடிமூடியை, கீழே ஒரு கோப்பை வைத்துக்கொண்டு திருகித் திறங்கள். தேங்கிய தண்ணீர் வடிந்ததும் மூடுங்கள்.
5. வெளிக்குழாயை வசந்தம் வரை திறந்தபடியே விடுங்கள்.

‘உறையாத’ வகைக் குழாய் பொருத்தியவர்கள் இதெல்லாம் தேவையில்லை என்று ஹோசை மாட்டியபடியே விடுகிறார்கள். அந்தக் குழாயின் வால்வு சுவருக்கு உள்ளே, சூடான பக்கம் இருக்கிறது. தண்ணீர் வெளியே வடிந்தால்தான் அது உறையாது. ஹோஸ் மாட்டியிருந்தால் வடியாது. சுவருக்குள் குழாய் வெடிக்கும், வசந்தத்தில் முதல்முறை திறக்கும்போதுதான் பேஸ்மன்டுக்குள் தண்ணீர் பாயும்.

நிலத்தடித் தெளிப்பான் குழாய்களைக் காற்றழுத்தத்தால் ஊதி வெறுமையாக்கவேண்டும். கறுப்புப் பொலித்தீன் குழாய்க்கு 50 பீ.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது. வீட்டில் டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்பிரசர் அழுத்தம் தரும், ஆனால் நீண்ட குழாயை ஊதப் போதுமான காற்று தராது. இதற்கு ஆளைக் கூப்பிடுவதே நல்லது. மழைநீர்ப் பீப்பாயைக் கவிழ்த்து, கூரைத் தண்ணீர் வீட்டு அத்திவாரத்தை விட்டு விலகிப் போகும்படி இறங்குகுழாயைத் திரும்பப் பொருத்துங்கள். மண் சாடிகளைக் காலியாக்கி உள்ளே எடுங்கள்.

நிலம் உறையத் தொடங்கும்போது

மரங்களுக்கும் சீடர் வேலிக்கும் நிலம் உறையும்வரை தண்ணீர் தேவை. மழை பெய்யாத வாரங்களில், முக்கியமாக இந்த ஆண்டு நட்டவற்றுக்கு, ஓர் அங்குல மழைக்குச் சமமாக ஆழமாக நனையுங்கள். மார்ச்சில் சீடர் பழுப்பாவதற்குக் காரணம் குளிர் என்று எண்ணுவார்கள். உண்மையில் அது தாகம். வெயிலும் காற்றும் இலையின் ஈரத்தை உறிஞ்சும்போது உறைந்த நிலத்திலிருந்து வேரால் எடுக்க முடிவதில்லை. காற்று வரும் பக்கமும் தெருப் பக்கமும் முளை அடித்துச் சாக்குத் துணியைத் திரையாகக் கட்டுங்கள், செடியில் முட்டாமல். தெருவிலிருந்து தெறிக்கும் உப்பையும் அது தடுக்கும். பிளாஸ்ரிக் சுற்றினால் பெப்ரவரி வெயிலில் உள்ளே வெந்துபோகும். முளைகளை நவம்பர் முதல் வாரத்திலேயே அடித்துவிடுங்கள். உறைந்த நிலத்தில் அவை இறங்காது.

இளம் பழமரங்களின் பட்டையை முயலும் வயல் எலியும் கொறிக்கும். சுற்றிவரக் கொறித்தால் மரம் செத்ததுதான். கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை 2 அடி உயரத்துக்குத் தண்டிலிருந்து சற்று விலகி வட்டமாக நிறுத்தி, அடியை 2 அங்குலம் மண்ணில் புதையுங்கள். பனி உயர்ந்தால் முயலும் அதன்மேல் ஏறி நின்று கடிக்கும், ஆகவே முற்றத்தில் பனியை வாரிக் குவிக்கும் இடத்திலுள்ள மரத்துக்கு வலை இன்னும் உயரமாக வேண்டும். மரச்சீவல் மூடாக்கைத் தண்டில் முட்டக் குவித்தால் எலிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தது போலாகும். 5 அங்குலம் இடைவெளி விடுங்கள்.

ரோசாவைக் கடைசியாகப் பாருங்கள். நாலைந்து கடும் உறைபனி பட்டு உறங்கிய பிறகு, பெரும்பாலும் நவம்பர் நடுப்பகுதிக்குப் பின், ஒட்டுக் கணுவை (ஒட்டிய தண்டு வேரோடு சேரும் முடிச்சை) மூடி ஓர் அடி உயரத்துக்கு மண்ணோ கூட்டெருவோ குவியுங்கள். மண்ணை வேறு பாத்தியிலிருந்து எடுத்து வாருங்கள், செடியைச் சுற்றியே சுரண்டினால் வேர் வெளியே தெரியும். காற்றில் ஆடி வேர் தளராதபடி நீண்ட தண்டுகளை இரண்டரை அடிக்குக் குறைத்தால் போதும், உண்மையான கவாத்து வசந்தத்தில். கனடா விவசாயத் துறை உருவாக்கிய எக்ஸ்புளோரர், பார்க்லாண்ட் வகை ரோசாக்கள் பொதுவாகத் தம் சொந்த வேரில் வளர்வன. அவற்றுக்கு இந்தக் குவியல் தேவையில்லை.

கருவிகள்

மண்வெட்டியைக் கழுவி, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் பூசுங்கள். மரக் கைபிடிக்கு ஆளி எண்ணெய். அந்தத் துணியைச் சுருட்டி வைக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிய ஆளி எண்ணெய்த் துணி தானாகத் தீப்பிடிக்கும். புல்வெட்டியில் பெற்றோலைத் தேங்கவிட்டால் பிசினாகி கார்பரேற்றரை அடைக்கும். ஓடி முடியவிடுங்கள், அல்லது நிலைப்படுத்தும் திரவம் கலந்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். கத்தியைத் தொடமுன் ஸ்பாக் பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். மின்கலக் கருவிகளின் மின்கலங்களை வீட்டுக்குள் வையுங்கள்.

மாதம் ஒரு முறை

டாலியாக் கிழங்குகளை டிசெம்பர் முதல் மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். சுருங்கியிருந்தால் மேலே தண்ணீர் தெளியுங்கள், அழுகியிருந்தால் அந்தக் கிழங்கை வெட்டி எறிந்து வெட்டுவாயில் கறுவாத் தூள் தடவுங்கள். பூசணிகளைத் திருப்பி அடியைப் பாருங்கள், மெத்தென்று இருப்பதை அன்றே சமையுங்கள். கறிவேப்பிலை இலையின் அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழும் தூசுப் புள்ளிகள் நகர்ந்தால் அது செஞ்சிலந்தி: குளியலறைக்குக் கொண்டுபோய் இலை முழுவதும் கழுவி, சவர்க்காரத் தெளிப்பைத் திரும்பத் தொடங்குங்கள். சீடரின் மேல் ஈரப்பனி தங்கினால் கீழிருந்து மேலாகத் தும்புத்தடியால் மெல்லத் தட்டிவிடுங்கள். பனிக்கட்டியாக இறுகியிருந்தால் தொடவேண்டாம், கிளை முறியும்; அது தானாக இளகட்டும்.